மயில்கழுத்துச் சட்டை

அத்தியாயம் 14

கலைமகளை இன்றைக்கு யாராலும் தடுத்து நிறுத்த முடியாது என்று ஆரணி முழுக்கப் பேச்சு. ஆரணி முழுக்க என்றால், மாணிக்கவேல் வீட்டுத் தெருவும், அடுத்த தெருவில் பாதியும்.

கடைசியில் அவளை நிறுத்தியது எதிர் அணி இல்லை. மாமனார் ஆசை ஆசையாய் நெய்து கொடுத்த சட்டைதான்.

போன வாரம் நடந்தது நினைவிருக்கும். அரையிறுதிக்கு முன்னால் நடுவர் எல்லா நகையையும் கழற்றச் சொன்னார். கலைமகள் மூக்குத்தியைக் கழற்றினாள், மெட்டியைக் கழற்றினாள், தாலிச் செயினையும் கழற்றிப் புருஷன் சுதாகர் கையில் கொடுத்துவிட்டு ஆடப் போனாள். மாமியார் ஜெயம் பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்தவர் நேரே வீட்டுக்குப் போய்விட்டார். மருமகள் ஜெயித்துவிட்டு வந்தபோது சமையலறையில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசின.

இரண்டு நாள் கழித்து ஜெயம் வாயைத் திறந்தார்.

"ஃபைனல் ஆடு. வேணாம்னு சொல்லல. ஆனா தோத்துட்டா அன்னியோட பந்தை மூட்டை கட்டிடணும். ஜெயிச்சா மேற்கொண்டு பேசிக்கலாம். நிலா கல்யாணம் ஜனவரி இருபது. வீட்டு மருமக கால்ல கட்டு போட்டுகினு மணவறை பக்கத்துல நிக்கக் கூடாது, ஆமா."

நிலா, சுதாகரின் தங்கை. மண்டபம் பிடித்தாகிவிட்டது, பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது.

"சரிங்க அத்தை," என்றாள் கலைமகள். பள்ளிக்கூடத்திலிருந்து கால்பந்து ஆடுகிறவள். செய்யார் சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் ஷிஃப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, நேராகப் பயிற்சிக்குப் போகிறவள். அந்த 'சரி' அவள் தொண்டையிலிருந்து எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியாது.

இது போன வாரக் கதை. இனி இந்த ஞாயிற்றுக்கிழமை.

*

காலையில் கூடத்தில் ஒன்பது சட்டைகள் வரிசையாகத் தொங்கின.

"கண்ணைத் தொறந்து பாருங்கம்மா," என்றார் மாமனார் மாணிக்கவேல்.

அணிப் பெண்கள் கண்ணைத் திறந்தார்கள். அடுத்த நிமிடம் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

பட்டு! அசல் பட்டு. நீளவாட்டில் நீலப் பாவு, குறுக்கே பச்சை ஊடை, மயில்கழுத்து நிறம். இப்படித் திருப்பினால் நீலம், அப்படித் திருப்பினால் பச்சை. முதுகில் சரிகையிலேயே எண். முந்தானையில் மாங்காய் போடுகிற தறியில் ஒன்றிலிருந்து இருபதுக்குள் ஒன்பது எண்ணைப் போட வைத்திருந்தார் மனிதர்.

"பட்டுல ஜெர்சியா, மாமா!" கலைமகள் ஏழாம் எண்ணைத் தடவிப் பார்த்தாள்.

"பின்ன? ஆரணின்னு பேரு வச்சிகினு, என் மருமக ரெடிமேடு துணியில ஃபைனல் ஆடறதா? நாலு பேர் சிரிக்க மாட்டான்?"

"பழைய அரக்கு கலர் ஜெர்சிங்க எங்க மாமா? பேக்குல காணோமே."

"அத்த பவர்லூம் ஷெட்டுல எண்ணெய் தொடைக்கப் போட்டுட்டேன். நல்லா உறிஞ்சுது. இனிமே அது எதுக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். அப்போது அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

ஜெயம் மட்டும் சிரிப்பில் சேரவில்லை. அவர் அணியின் பையைக் குடைந்து, ஒரு மஞ்சள் சட்டையை வெளியே எடுத்திருந்தார். முதுகில் ஒரு சாண் அகலத்துக்குச் சதுரமாய்ப் பெரிய ஓட்டை. கையில் ஊசி நூலோடு ஒட்டுத் துணி தேடிக்கொண்டிருந்தவரிடமிருந்து கலைமகள் பாய்ந்து பிடுங்கினாள்.

"அய்யோ அத்தை, அது கிழியல. வேணும்னே வெட்டினது!"

"வேணும்னே எவளாவது சட்டைய வெட்டுவாளா?"

"ஆட்டத்துல பாருங்க, புரியும்."

ஜெயத்துக்கு நம்பிக்கையில்லை. ஆனாலும் கிளம்பினார். போன வாரம் எழுந்து போனவர், இன்றைக்குத் தானாகவே தன் சுருக்குப் பையை மருமகள் முன்னால் நீட்டினார்.

"இதுல போடு. செயின், மெட்டி எல்லாம். ஆட்டம் முடியறவரைக்கும் என் மடியில இருக்கட்டும். அவன்கிட்ட குடுத்தா பேன்ட் பாக்கெட்டுல சில்லறையோட போட்டுக்கறான்."

கலைமகளுக்குச் சட்டென்று கண் கலங்கியது. அதைக் காட்டிக்கொள்ளாமல் ஷூ கயிறைக் கட்டக் குனிந்துகொண்டாள்.

*

பைபாஸ் ஓரத்தில் ஒரு பழைய அரிசி ஆலைக் கொட்டகை இருக்கிறது. அதைத்தான் தளம் போட்டு, கோடு போட்டு, ஃபுட்சால் அரங்கமாக மாற்றியிருந்தார்கள். ஃபுட்சால் என்றால் பக்கத்துக்கு ஐந்து பேர், சின்னக் களம், அதிகம் துள்ளாத பந்து. மூச்சு விட நேரமில்லாத ஆட்டம். தளத்தில் எத்தனை தரம் பெருக்கினாலும் மூலைகளில் தவிட்டு வாசனை போகவில்லை.

நடுவர் திலகவதி கறுப்பு உடையில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பெண்களை வரிசையாக நிற்க வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"ஷூ அடியக் காட்டுங்க. ம். தரையில கோடு விழாத ரப்பர்தான். சாக்ஸ இறக்குங்க. ஷின்கார்டு இருக்கா? சரி. நகை?"

"இல்ல மேடம்."

"லெக்கின்ஸ் கறுப்பு, ஷார்ட்ஸ் கறுப்பு. உள்ள போடறது ஷார்ட்ஸ் கலர்லயே இருக்கணும். சரியா இருக்கு."

லெக்கின்ஸ் போட்டால்தான் ஆட விடுவேன் என்று பிடிவாதம் பிடித்தது ஜெயம். அது விதிப்படியே சரியென்றதும் மேலே பார்வையாளர் வரிசையில் இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நடுவர் சட்டைக்கு வந்தார். வந்தவர் நின்றார்.

கலைமகளைச் சுற்றி ஒரு பக்கம் போனார். மறுபக்கம் போனார். வாசல் ஷட்டர் பக்கம் நிற்கச் சொன்னார். பிறகு டியூப்லைட் அடியில் நிற்கச் சொன்னார்.

"இது என்ன கலர்?"

"மயில்கழுத்து மேடம்."

"அங்கிருந்து பார்த்தா நீலம். இங்கிருந்து பார்த்தா பச்சை. வந்தவாசி டீம் என்ன போட்டிருக்காங்க?"

பதில் சொல்லவேண்டிய அவசியமில்லை. எதிர் பெஞ்சில் வந்தவாசிப் பெண்கள் பளிச்சென்று பச்சையில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்கள்.

"ஓடறப்ப யாரு எந்த டீம்னு எனக்கே தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரியும்? ரெண்டு டீமும் தனித்தனி கலர்ல இருக்கணும். அவங்க கோல்கீப்பர், உங்க கோல்கீப்பர், நாங்க, எல்லாருமே தனித்தனி. பட்டியல்ல அவங்க பேரு முதல்ல இருக்கு. இந்தப் போட்டி விதிப்படி மாத்த வேண்டியது நீங்க."

பயிற்சியாளர் சந்தோஷ் கையைப் பிசைந்தார். "மேடம், வேற செட் இல்ல..."

"பசங்களோட மூணாவது இடத்துக்கான ஆட்டம் இப்ப நடக்கப் போகுது. அது முடிஞ்சு பரிசு குடுத்து, நாலு மணிக்கு உங்க டாஸ். அதுக்குள்ள வேற கலர்ல, முதுகுல நம்பரோட வாங்க. இல்லன்னா ஆடாமலே அவங்க ஜெயிச்சதா வாக்ஓவர் குடுக்கறதத் தவிர எனக்கு வழி இல்ல."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

*

மாணிக்கவேலின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. வாழ்நாளில் எத்தனை ஆயிரம் சேலைக்கு நிறம் பொருத்திக் கொடுத்தவர்! டபுள் ஷேடு என்றால் கல்யாண வீட்டில் நாலு பெண்கள் வந்து முந்தானையைத் தொட்டுப் பார்ப்பார்கள். அதைப் போட்டுக்கொண்டு ஓடினால் என்ன ஆகும் என்று யோசிக்க அவருக்குத் தோன்றவே இல்லை.

"நான் கெடுத்துட்டேன்டா சுதாகர். நானே கெடுத்துட்டேன்."

"நைனா, இப்ப அதப் பேசி இன்னா ஆவப்போவுது? இரு, ஏற்பாடு பண்றேன்."

சுதாகர் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தான். சிறிது நேரத்தில் சிவப்பு டீ-ஷர்ட் கட்டோடு வந்தான். ஒரு கட்சி மாநாட்டுக்கு அடித்தது. மார்பில் தலைவர் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

திலகவதி தலையை ஆட்டினார். "அரசியல் படம், வாசகம் எதுவும் கூடாது."

மறுபடி பறந்தான். காவடிக் குழு நண்பனிடமிருந்து ஆரஞ்சு சட்டைகள். மார்பில் வேல்.

"மத சம்பந்தமான படமும் கூடாதுங்க."

"மேடம், திருப்பிப் போட்டுக்கட்டுமா?"

"திருப்பிப் போட்டா நம்பர் எங்க இருக்கும்?"

சுதாகருக்குப் பேஜாராகிவிட்டது. ஆரணியில் சாமியும் கட்சியும் இல்லாத சட்டை கடையில்தான் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த ஒரு கடையும் பூட்டியிருந்தது.

பெண்கள் ஓரமாக உட்கார்ந்துவிட்டார்கள். கோல்கீப்பர் கமலம் மட்டும் தன் மஞ்சள் சட்டையில் பளபளவென்று நின்றாள். அவள் சட்டையில் தப்பில்லை. தனியாக அவள் ஒருத்தி என்ன ஆடுவது?

கலைமகள் மேலே ஏறி வந்து சுதாகர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு இருக்கை தள்ளி மாமியார்.

"விடுங்க," என்றாள் மெதுவாக. "அத்தைகிட்ட வாக்கு குடுத்துட்டேன். இன்னையோட முடிஞ்சுதுன்னு வச்சிக்கறேன்."

"இன்னா கலை, அதுக்குள்ள..."

"மாமாவ ஒண்ணும் சொல்லாதீங்க. ஆசையா செஞ்சாரு." முழங்கால் மேல் முகத்தை வைத்துக்கொண்டாள்.

ஜெயத்தின் காதில் எல்லாம் விழுந்தது.

வாசகர்களே, இந்த இடத்தில் ஜெயத்தை நன்றாகப் பாருங்கள். அவர் செய்யவேண்டியது ஒன்றுமே இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். நாலு மணி தானாக வரும், விசில் தானாக ஊதும், மருமகள் ஆடுவது தானாக நின்றுபோகும். மருமகள் வீட்டுக்கு வந்த இந்த எட்டு மாதமாக அவர் நினைத்துக்கொண்டிருந்தது அதைத்தான். மடியில் பை. பைக்குள் தாலி. யாரும் ஒரு வார்த்தை அவரைக் குறை சொல்ல முடியாது.

ஜெயம் எழுந்தார்.

"அந்தச் சட்டைங்களக் கழட்டிக் குடுங்கடி."

கலைமகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா பாக்கற? பட்டு தானே அது? பட்டுக்கு சாயம் ஏறாதா? பச்சையப்பன் பட்டறையில ஞாயித்துக்கிழமையும் அடுப்பு எரிஞ்சுகினுதான் இருக்கும். ஜல்தி கழட்டுங்க!"

பச்சையப்பன் ஜெயத்தின் தம்பி. கமண்டல நாகநதிப் பக்கம் சாயப் பட்டறை வைத்திருக்கிறார். அது ஜெயத்தின் அப்பா காலத்துப் பட்டறை. ஜெயம் பாவாடை கட்டிய வயசிலிருந்து புழங்கிய இடம்.

"அத்தை..." கலைமகள் எழுந்து நின்றாள். "தோத்தா விட்டுடணும்னு நீங்கதானே..."

"தோத்தான்னு சொன்னேன். ஆடித் தோத்தா. சட்டை சரியில்லன்னு என் வீட்டுப் பொண்ண வெளிய நிக்க வச்சா, அது தோக்கறதா? அது எனக்கு அவமானம்டி!"

மாணிக்கவேலுக்கு உயிர் வந்தது. "கறுப்பு போட்டுடலாம் ஜெயம். எதுமேலயும் ஏறிடும்."

"நடுவரம்மா இன்னா கலர்ல நிக்கறாங்கன்னு கண்ணத் தொறந்து பாருங்க. கறுப்பு! மறுபடியும் வெளிய அனுப்பறதுக்கா?"

அவர் சட்டைகளை வாங்கி மூட்டை கட்ட ஆரம்பித்தார்.

*

பட்டறையில் செம்பு அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பச்சையப்பன் சட்டைகளைப் பார்த்து ஒரு கணம் விழித்தார். "தெச்ச துணிய யாருக்கா சாயத்துல போடுவாங்க?"

"நாம போடுவோம். சிவப்பு எடு. கெட்டியா."

"பச்சை மேலயா?"

"நீலப் பாவுல சிவப்பு ஏறினா கத்தரிப்பூ. பச்சை ஊடையில ஏறினா காபிக்கொட்டை. இப்பவும் டபுள் ஷேடுதான் இருக்கும். இருந்துட்டுப் போவட்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் பச்சை தெரியக் கூடாது, அவ்ளோதான்."

"திட்டுத் திட்டா நிக்கும்கா."

"சம்பந்தி வீட்டுக்கா அனுப்பறோம்? போடு!"

அக்காவும் தம்பியும் கோலைப் பிடித்தார்கள். ஒன்பது சட்டையும் அண்டாவுக்குள் புரண்டன. மாணிக்கவேல் ஓர் ஓரமாக நின்று, தான் நெய்த பட்டு நிறம் மாறுவதைக் கல்யாணப் பெண்ணை வழியனுப்புகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். கலைமகள் எட்டி எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பயம் ஒன்றுதான்.

"அத்தை, நம்பர்? நம்பரும் சாயமாயிட்டா?"

ஜெயம் ஒரு சட்டையைக் கோலால் தூக்கிக் காட்டினார். ஆவி பறந்தது. துணி கத்தரிப்பூவாக மாறியிருந்தது. தையல் நூலில் மட்டும் சாயம் ஏறாமல் நீலக் கோடு நின்றது. நடுவில் ஏழு, கொஞ்சம் மங்கினாலும் தங்கமாகவே மின்னியது.

"சரிகையில எங்கடி சாயம் ஏறும்?"

கலைமகள் மாமியாரைக் கட்டிக்கொண்டாள். எட்டு மாதத்தில் முதல் தடவை. "ஐய, சாயம் சாயம்!" என்று ஜெயம் கத்தினார், ஆனால் விலகவில்லை.

அலசியாயிற்று, பிழிந்தாயிற்று. இனி காய வேண்டும். வெயில் இருந்தது, நேரம்தான் இல்லை.

யோசனை சுதாகருடையது. நூல் காயப்போடுகிற மூங்கில் கழிகளை உருவினான். சட்டையின் இரண்டு கைகளுக்குள்ளும் கழியை நுழைத்தான். நண்பர்களுக்குப் போன் போட்டான். கொஞ்ச நேரத்தில் ஐந்து பைக்குகள் பைபாஸில் பறந்தன. பின்னால் உட்கார்ந்த ஒவ்வொருத்தர் கையிலும் கழி. கழியில் படபடவென்று கத்தரிப்பூச் சட்டைகள்!

பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எந்தக் கட்சி ஊர்வலம் என்று ஒருவர் கேட்டார். கடைசி பைக்கில் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஜெயமே உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் கழி, மறு கையில் சுருக்குப் பை.

"சுதாகர், இன்னும் வேகமா போடா!"

பைக்கில் முப்பதைத் தாண்டினாலே முதுகில் அடிக்கிற அம்மாதான் அது.

*

டாஸுக்கு நடுவர் நாணயத்தை எடுத்துவிட்டார். வாசல் ஷட்டர் தடதடத்தது.

மறுபடியும் வரிசை. திலகவதி மறுபடியும் சுற்றினார். ஷட்டர் பக்கம், டியூப்லைட் பக்கம். முன்னால், பின்னால். பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மேலே மாணிக்கவேல் இரண்டு கையையும் கூப்பியிருந்தார்.

நடுவர் கலைமகளின் தோளைத் தொட்டுப் பார்த்தார். விரலில் சிவப்பு ஒட்டியது.

"ஈரமா இருக்கு. கையில கலர் ஒட்டுது."

"ஆமா மேடம். அது விதியில..."

"விதியில இல்ல." திலகவதி முதல் தடவையாகச் சிரித்தார். "ஆடுங்க."

கொட்டகைக் கூரை எகிறிப் போயிருக்கும், அப்படி ஒரு சத்தம்.

ஆட்டம் தொடங்கிய வேகத்திலேயே வந்தவாசி ஒரு கோல் போட்டது. ஈரப் பட்டு உடம்போடு ஒட்டிக்கொண்டது, கையைத் தூக்க முடியவில்லை. இடைவேளைக்கு முன் கலைமகள் இடது ஓரத்திலிருந்து அடித்து அதைச் சமன் செய்தாள். இரண்டாம் பாதியில் வந்தவாசி மறுபடி ஒன்று. 1-2. உரசிய இடமெல்லாம் பச்சைச் சட்டைகளிலும் சிவப்புத் திட்டு. கடிகாரம் ஓடியது. இன்னும் இரண்டே நிமிடம்.

"கலை!" சந்தோஷ் கத்தினார். "மஞ்சள்!"

கலைமகள் பெஞ்சுக்கு ஓடினாள். கோல்கீப்பர் கமலம் வெளியே வந்தாள். கலைமகள் அந்த ஓட்டைச் சட்டையை எடுத்துத் தலை வழியே மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

ஜெயத்துக்கு மானமே போய்விட்டது. "அய்யய்யோ, கிழிஞ்சதப் போட்டுகினு ஓடறாளே! ஊரே பாக்குதே!"

"அம்மா, இப்ப அவதான் கோல்கீப்பர்," என்றான் சுதாகர். "கோலை விட்டுட்டு வந்து அஞ்சாவது ஆளா அடிக்கப் போறா. கோல்கீப்பர் கலர்லதான் இருக்கணும், ஆனா முதுகுல அவ நம்பரே தெரியணும். அதான் ஓட்டை. பாரு!"

ஜெயம் பார்த்தார். மஞ்சள் சட்டையின் ஜன்னல் வழியாக, கத்தரிப்பூ நிறத்தின் நடுவே, தங்க ஏழு. காலையில் அதற்கு ஒட்டுப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

ஐந்து பேரும் முன்னால். பின்னால் காலிக் கோல். தப்பினால் கதை முடிந்தது.

தப்பியது! ஒரு பச்சைச் சட்டை பந்தைப் பறித்துத் தன் பாதியிலிருந்தே நீளமாக அடித்தாள். பந்து காலிக் கோலை நோக்கி உருண்டது. கலைமகள் திரும்பி ஓடினாள். கொட்டகையில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். கோட்டுக்கு அரை அடி முன்னால் காலை நீட்டி விழுந்து, பந்தை வெளியே தட்டினாள்.

"எழுந்துருடி!" என்று ஒரு குரல். அது தன் குரல்தான் என்று ஜெயத்துக்குத் தெரியவில்லை.

எழுந்தாள். பந்து மறுபடி கைமாறியது, கால் மாறியது. ஓரத்தில் ஆரணி அணியின் பச்சையம்மாள் தனியாக நின்றாள். கலைமகள் கொடுத்தாள், பச்சையம்மாள் தட்டினாள். 2-2!

கடைசி நொடிகள். ஓரக்கோட்டிலிருந்து ஆரணிப் பெண்கள் பந்தை உள்ளே அனுப்பினார்கள். வந்தவாசிக்காரி ஒருத்தியின் காலில் பட்டுப் பந்து நடுவில் வந்தது. கலைமகள் யோசிக்கவில்லை. வந்த பந்தை வந்தபடியே அடித்தாள்.

வலை புடைத்தது.

நடுவர் அவள் முதுகைப் பார்த்துவிட்டு, கோல் கணக்கு எழுதுகிற மேசைப் பக்கம் திரும்பி ஏழு விரல் காட்டினார். விசில்.

மாணிக்கவேல் பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத மனிதரைக் கட்டிக்கொண்டு அழுதார். சுதாகர் இருக்கைகளைத் தாண்டிக் குதித்து இறங்கினான். நிலா விசிலடித்தாள்; கல்யாணப் பெண் விசிலடிக்கிறாளே என்று அன்றைக்கு யாரும் அதட்டவில்லை.

*

கலைமகள் மாமியார் முன்னால் வந்து நின்றாள். மஞ்சள் சட்டையைக் கழற்றியிருந்தாள். கழுத்தைச் சுற்றிச் செக்கச் சிவந்த சாய வளையம்.

ஜெயம் முந்தானையில் தண்ணீர் நனைத்து அதைத் துடைத்தார். அழுத்தித் துடைத்தார். பிறகு சுருக்குப் பையைத் திறந்து, செயினை எடுத்து மகன் கையில் கொடுத்தார்.

"நீ போட்டு வுடுடா."

சுதாகர் போட்டுவிட்டான். கலைமகள் மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். ஜெயித்தால் மேற்கொண்டு பேசிக்கொள்ளலாம் என்றாரே அத்தை. அந்தப் பேச்சை யார் ஆரம்பிப்பது?

ஜெயம் மருமகளைப் பார்க்கவில்லை. கோப்பைக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நடுவரிடம் நேராகப் போனார்.

"ஏம்மா, அடுத்த ஊர்ல இவங்களோட ஆடப்போற டீமு இன்னா கலர் சட்டைங்க?"

கலைமகள் சுதாகரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திலகவதி போனில் எதையோ தேடினார். "இப்பதான் மெசேஜ் வந்துதுங்க. இதுல ஜெயிச்சவங்களுக்கு மாநிலப் போட்டி கோயம்புத்தூர்ல. உங்க முதல் ஆட்டம்... ஜனவரி இருபது."

மாணிக்கவேலின் கையிலிருந்த டீ தம்ளர் பாதியில் நின்றது. நிலாவின் முகத்திலிருந்த சிரிப்பு காணாமல் போனது.

ஜனவரி இருபது. மண்டபம், மேளம், பத்திரிகை எல்லாம் முடிவான தேதி. சம்பந்தி வீட்டார் ஜாதகம் பார்த்துக் குறித்த தேதி.

"அத்தை, வேணாம்," என்றாள் கலைமகள் அவசரமாக. "நான் போவல. நிலா கல்யாணத்த விட எனக்கு..."

"நீ சும்மா இரு."

ஜெயம் சுருக்குப் பையின் வாயை இழுத்து முடிச்சுப் போட்டார். சாயம் ஏறிய விரல்கள். நடுவரை நிமிர்ந்து பார்த்தார்.

"தேதிய நான் கேக்கலீங்க. கலர் இன்னான்னுதான் கேட்டேன்."